ஏப்ரலில் திருப்பித் தர வேண்டியது

ஆண்டுக்கு இரண்டே முறைதான்
எங்கள் ஃபியோர்டுக்குள் புத்தகப் படகு வரும்.
செப்டம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று.
நடுவில் கிடப்பது குளிர்காலம்.

எனக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள்.
பின்னால் மீன் ஆலையின் கணக்கர் ஹல்வோர்.
ஹல்வோருக்குத் தெரிந்துவிட்டால்
பொழுது சாய்வதற்குள் அக்கரைக்கும் தெரிந்துவிடும்.
ஆகவே படகு மோட்டார் பழுதுபார்ப்பது பற்றிய
தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து
அதனடியில் அதை வைத்தேன்.
மெலிந்த புத்தகம், சாம்பல் அட்டை.
அட்டையில்
தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை,
அந்த மட்டும் நிம்மதி.

நூலகர் குன்வோர் முத்திரை குத்தினாள்.
முதலில் மோட்டாருக்கு, பிறகு அதற்கு.
இரண்டுக்கும் ஒரே சத்தம்.
"ஏப்ரலில் பார்க்கலாம்" என்றாள்,
நான் ஏப்ரலில் இருப்பேன் என்பது
முடிந்துபோன விஷயம் போல.

சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போடுவது என் வேலை.
திரையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால்
குழாய் வழியே
ஆயிரக்கணக்கான வாய்களுக்குத் தீனி போய்ச் சேரும்.
வீட்டில் ரொட்டி
மேசையிலேயே கிடந்து கல்லாகும்.

இரண்டு மாதம் மோட்டார் புத்தகத்தைத்தான் படித்தேன்.
மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது.

நவம்பரில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது.
பிப்ரவரி வரை அதன் முகம் கிடையாது.
அன்று இரவு சாம்பல் அட்டையைத் திறந்தேன்.
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டது.
இரண்டு வாரமா?
நான் வருடங்களை எண்ணத் தொடங்கினேன்,
விரல் போதவில்லை, மூடிவிட்டேன்.

மறுநாள்
முப்பத்தோராம் பக்கத்தில் அந்தப் பென்சில் கோடு.
விடியற்காலையில்தான் அதிகம் கனக்கும் என்ற வரிக்கு அருகே
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி,
இரண்டு தடவை.
நாற்பத்து நான்கில்,
இது சோம்பேறித்தனம் அல்ல என்ற வரிக்குக் கீழே
பொடி எழுத்தில்: "இதை என் அண்ணனிடம் யார் சொல்வது?"
தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்ற இடத்தில்:
"இங்கேயா? கடல் மேலேயா?"
தனியாக இருந்தவன் சிரித்துவிட்டேன்.
அந்தச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.
தாள்களுக்கு நடுவே
காய்ந்து ஒட்டிய ஒரு மீன் செதில்.

பிறகு கடையில், துறையில்,
எல்லோருடைய கைகளையும் பார்க்கத் தொடங்கினேன்.
பென்சிலை இப்படி அழுத்துகிற கை எது?
வெண்ணெய் வாங்க வந்த ராங்ன்ஃப்ரிட்?
கயிறு சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பையன்?
யாராகவும் இருக்கலாம் என்பதே
போர்வை போல இருந்தது.

கடைசிப் பக்கத்தில் மருத்துவ நிலையத்தின் எண்.
வட்டம் போட்டு, பக்கத்தில்:
"எட்டு மணிக்கு முன் எடுக்க மாட்டார்கள்.
எடுக்காவிட்டால் உன்னால் அல்ல. மறுபடி அடி."
எட்டுப் பத்துக்கு அடித்தேன்.
எடுக்கவில்லை.
மறுபடி அடித்தேன்.
என்ன விஷயம் என்று ஒரு பெண் கேட்டாள்.
"மோட்டார்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.
அவள் போனை வைக்கவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது, அவளுடையதோ என்னுடையதோ.

ஜனவரி ஆறு, காலைப் படகு.
முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை,
இரண்டாவது பரவாயில்லை.
அதற்கு மேல் சொல்ல இன்னும் எனக்கு வார்த்தை வரவில்லை.
ரொட்டி தீருகிறது. அவ்வளவுதான்.

ஏப்ரலில், திருப்பித் தருவதற்கு முந்தைய இரவு
சமையலறை இழுப்பறையெல்லாம் துழாவி
ஒரு துண்டுப் பென்சில் எடுத்தேன்.
அந்த வட்டத்துக்குக் கீழே எழுதினேன்:
"படகு டிக்கெட்டைத் தூக்கிப் போடாதே,
பணம் திருப்பித் தருவார்கள்.
அழுதால் டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை."

புத்தகத்தில் எழுதக் கூடாது என்று
உள் அட்டையில் அச்சடித்திருக்கிறது.
குன்வோர் தாள்களைப் புரட்டினாள்.
கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள்.
ரப்பர் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.
புத்தகத்தை மூடி
இருந்த இடத்திலேயே செருகினாள்.
"அடுத்தது யார்?" என்றாள்.